கடைசிச் சீட்டு

ஏரி வற்றிவிட்டால் போதும், உள்ளே பந்தாட்டம் தொடங்கிவிடும். அணிக்கு ஆள் எடுக்கும் வரிசையை முடிவுசெய்ய மூன்று தலைவர்களும் சீட்டுக் குலுக்கினார்கள். சேவலுக்கு முதல் சீட்டு, ஆட்டுக்கு இரண்டாவது, தவளைக்குக் கடைசி.

“பாவம்டா நீ, உனக்கு மிச்சம் மீதிதான்,” என்ற சேவல், சொன்ன கையோடு குதிரையை எடுத்துக்கொண்டது. ஆடு மானை எடுத்தது.

தவளைக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. “போன வருஷம் கோல் கோலாப் போட்ட கீரி ஜோடியை ஏன் யாருமே தொடலை?” என்று கேட்டது.

“ஒண்ணை எடுத்தா, நம்ம முறை திரும்ப வர்றதுக்குள்ள இன்னொண்ணை யாராவது தூக்கிடுவாங்க. பிரிச்சா ரெண்டும் ஆடாதுப்பா,” என்றது ஆடு.

கடைசி ஆள் எடுத்ததும் வரிசை அப்படியே பின்னாலிருந்து முன்னால் திரும்பும் என்பது ஏரி வழக்கம்.

“அப்போ எனக்கு அடுத்ததும் நான்தானே?” என்று கேட்டது தவளை.

கீரி இரண்டும் தவளை அணிக்கு வந்தன; அந்த வருஷக் கோப்பையும் தவளைக்கே போனது.

அடுத்த வருஷம் கடைசிச் சீட்டு சேவலுக்கு விழுந்தது. கீரி ஜோடி தனக்குத்தான் என்று அது சந்தோஷத்தில் குதியாய்க் குதித்தது. முதல் சீட்டு தவளைக்கு.

“இந்தத் தடவையும் பாவம் நீதான்டா!” என்றது சேவல்.

தவளை அதற்குள் பாதி ஏரியைத் தாண்டியிருந்தது, முதல் ஆளாக எடுக்கப்போகும் குதிரைக்கு இந்த வருஷம் கால் எப்படியிருக்கிறது என்று விசாரிக்க.