எதிர் நாற்காலி

குளிரூட்டிய அறையிலும் அவருக்கு வியர்த்தது. மேஜைக்கு எதிரே இருந்த பெண்மணி நறுக்கு நறுக்கென்று கேள்வி கேட்டாள்.

“அரபு நாட்டுல எத்தனை வருஷம் வேலை பாத்தீங்க?”

“ஆறு வருஷம், மேடம்.”

“வெயில்?”

“பழகிடுச்சு.”

“குடும்பத்தைக் கூட்டிட்டுப் போனீங்களா?”

“இல்ல. தனியாத்தான் இருந்தேன்.”

“அதுவும் பழகிடுச்சா?”

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “இல்லைங்க. திரும்பி வந்தன்னைக்கு என் பொண்ணு, ‘அம்மா, யாரோ வந்திருக்காங்க’ன்னு உள்ள ஓடிட்டா.”

பெண்மணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்புறம் எந்த மனசோட என் வீட்டுக்காரரை மட்டும் தனியா வரச் சொல்றீங்க? கிரேன் ஓட்ட அவர் வேணும்னா, நானும் ரெண்டு பிள்ளைங்களும் கூடவே வருவோம். இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க.”

கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்திருந்த அந்த அதிகாரி, பக்கத்தில் இருந்த அவள் கணவனைப் பார்த்தார். அவனோ, ‘என்னை ஏன் சார் பாக்கறீங்க?’ என்பதுபோல் கையை விரித்தான்.

அதிகாரி தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார்.

“கைதேர்ந்த ஆளு சார், விட்டா கிடைக்க மாட்டார். குடும்ப விசா குடுத்தே ஆகணும். ஆமா சார், நான் பொறுப்பு.”

ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்தார். “நாலு பேரோட பாஸ்போர்ட்டும் எப்ப தருவீங்கம்மா?”

அவள் கைப்பையைத் திறந்து, நான்கையும் மேஜைமேல் வைத்தாள்.