நனைந்து வந்தவை

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஏழு வாரமாக மழை இல்லை. தோட்டத்துப் புல் வைக்கோலாகிவிட்டது. சுபானி பறவைகளுக்கென்று ஒரு தட்டில் தண்ணீர் வைத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு முள்ளெலி வந்தது. தட்டைத் தொடாமலே கடந்து போனது. அதன் முட்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பக்கத்து வீட்டில ஆரோ மரத்துக்குத் தண்ணி விட்டிருப்பினம்," என்றான் கணவன் நிசாந்.

"இப்ப தண்ணி விடத் தடையெல்லோ?"

செவ்வாய்க்கிழமை ஓர் அணில் தெப்பமாக நனைந்து வந்தது. புதன்கிழமை ஒரு நரி. அவையும் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றும் சேர்ந்து வந்தன. மேல்மாடிக்குப் போகும் வெளிப்படியில் ஏறி, கடைசிப் படியில் நெருக்கமாக உட்கார்ந்தன. நரி மற்ற இரண்டையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

சுபானி நிசாந்தின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெள்ளத்துக்குத் தப்பின மாதிரி இருக்குதுகள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல போவம், நிசாந்."

"விசரே உமக்கு? இப்பதான் நித்திரையாக்கினனான்."

அவள் கீழறைக்கு ஓடினாள். யன்னல்கள் பூட்டியிருந்தன. தரை காய்ந்திருந்தது. இரண்டு வயது மகள் தேனுஜா கட்டிலில் சீராக மூச்சுவிட்டுத் தூங்கினாள். சுபானி அவளை அள்ளித் தோளில் போட்டாள்.

பிள்ளையின் தலைமயிரிலிருந்து குளிர்ந்த தண்ணீர் அவள் முதுகில் வழிந்தது.