முன்மொழிந்தவர்

மனுத்தாக்கல் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது தேவயானி வேட்புமனுவைக் கொடுத்துவிட்டு ஒன்றிய அலுவலகத்தின் படியிறங்கினாள்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ராஜகோபால் அதைப் பார்த்தார். தன் மனுவைக் காலையிலேயே கொடுத்துவிட்டு, வெற்றிக்குப் பூமாலை வாங்கவும் ஆள் அனுப்பியிருந்தார்.

விசைத்தறி ஓட்டுகிற பெண் ஊராட்சித் தலைவராக ஆசைப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட ஊரில் ஓர் ஆள் வேண்டுமே. அது யார் என்பதுதான் அவர் மண்டையைக் குடைந்தது.

போட்டியில்லாமல் தலைவர் வருவதுதான் அவர்கள் ஊர் வழக்கம். அவருடைய அப்பா அப்படித்தான் வந்தார். அவரும் அப்படியே வந்தார்.

இந்த முறை தேவயானியின் பேச்சு அடிபட்டதும் உஷாராகி, வீட்டுக்கு ஒருவரை வேனில் மலைக்கு அழைத்துப்போனார். வேறு யாரையும் முன்மொழிய மாட்டோம் என்று முருகன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினார்.

அதை மீறும் துணிச்சல் எவனுக்கு வந்தது?

ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தார். வேணு பயந்தாங்கொள்ளி. சுப்பிரமணி அவருடைய போர்வெல் தண்ணீரில் பயிர் வைப்பவன். ஞானப்பிரகாசம் மட்டும் கற்பூரத்தைத் தொடவில்லை. ஆனால் பைபிளில் கை வைத்துச் சொன்ன மனிதர், வாக்கு மாறமாட்டார். தேவயானியின் புருஷனோ முதல் ஆளாக முன்னால் வந்து அணைத்தவன்.

யோசிக்க யோசிக்கக் கோபம்கூடத் தணிந்து, ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல்தான் மிஞ்சியது. கையெழுத்துப் போட்ட ஆள் இன்னும் வெளியே வரவில்லை. சாலையைக் கடந்து அலுவலக வாசலில் போய் நின்றார்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி கௌரியம்மாள் வந்தாள்.

"ஆம்பளைங்களத்தானே சத்தியத்துக்குக் கூட்டிகினு போனீங்க," என்றாள், அவர் வாயைத் திறப்பதற்குள். "கட்டிகினு வந்த நாள்லேர்ந்து தலைவர் எலெக்‌ஷனுக்கு நான் ஒரு தபாகூட ஓட்டு போட்டதில்லீங்க. போட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு."

ராஜகோபால் டீக்கடைப் பக்கம் திரும்பி நடந்தார். வண்டியை எடுத்தார். அவள் வழக்கம்போலப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஊர் நெருங்கும்வரை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. யாருக்குப் போடுவாய் என்று முன்னால் பார்த்தபடியே கேட்டுவிட்டார்.

"நீங்க இன்னும் எங்கிட்ட ஓட்டே கேக்கலியே," என்றாள் கௌரியம்மாள்.