ஏழாவது முகம்

"பேய்க்கு நீ வரைஞ்ச ஏழாவது முகத்தையும் நாவலாசிரியர் வேண்டாம்னுட்டார் மினெகோ. 'இவள் இல்லை'ன்னு அதே ரெண்டு வார்த்தை," என்றார் பத்திரிகை ஆசிரியர் குரோகி. "நாளைக்குள்ள அவர் சம்மதிக்கலைன்னா, அவரோட நாவலை வச்சு வர்ற இந்தக் காமிக்ஸே கிடையாது."

"இன்னும் எவ்வளவு கோரமா வரையறது சார்? கண்ணைத் தோண்டிட்டேன், தாடையைக் கிழிச்சிட்டேன். பேயே பார்த்தா ஓடிடும்!"

மினெகோ ஆத்திரத்தோடு நாவலாசிரியர் இசோகாயின் வீட்டுக்கே போனாள்.

"என்னதான் ஐயா குறை?"

அவர் உள்ளறைக் கதவைத் தள்ளினார். வீட்டுக்கு எது வந்தாலும் இறந்தவர்களுக்கு முதலில் படைக்கும் மாடத்தில், சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில், அவளுடைய ஏழு படங்களும் இருந்தன. மேலே, கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் ஒரு பெண்ணின் புகைப்படம்.

"என் சம்சாரம். நாவல்ல ராத்திரி ராத்திரி வர்றவ இவதான்," என்றார். "வரமாட்டாளான்னுதாம்மா அதை எழுதினேன்."