நெற்றிக்கு ஏறும் கண்ணாடி

அந்த அம்மாள் கைக்குட்டையைப் பிரித்துக் கொடுத்த மூக்குக்கண்ணாடி சில்லென்று இருந்தது. சற்குணம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்தார், மறுபடி படிந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏசிகூடக் கிடையாது. "நழுவுதாம்மா?" என்றார். "ஆமா தம்பி, நெத்திக்கு ஏறிடுது." கண்ணாடி கீழே இறங்குகிறது என்று வந்தவர்களைத்தான் அவருக்குத் தெரியும். "மேலயா ஏறுது?" "அவரு படுத்தேதான் இருக்காரு. மூக்கு ஒடுங்கிப்போச்சு." படுக்கையில் விழுந்த நோயாளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் ஃபிரேமில் மூக்கின்மேல் உட்காரும் இடத்தை வளைக்க முடியாது. உள்பக்கம் இரண்டு சிலிக்கான் பட்டைகளை ஒட்டினார். காதில் மாட்டும் பகுதியைச் சூடுகாட்டி உள்ளே வளைத்தார். "சாயங்காலம் அவரை ஒரு ஆட்டோல கூட்டிட்டு வந்துருங்கம்மா. மூஞ்சில வச்சுப் பாத்தாதான் சரியா வரும்." "மூணு மணிக்கு எடுக்கறாங்க தம்பி," என்றார் அந்த அம்மாள். "பொண்ணு ஏர்போர்ட்லேர்ந்து வந்துட்டிருக்கா. கண்ணாடி இல்லாத அப்பாவை அவ பாத்ததே இல்ல. அவ வர்றதுக்குள்ள ஃப்ரீசர் பெட்டியைத் திறந்து மாட்டிடணும்." சற்குணத்தின் கையில் ஃபிரேம் இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, நீட்டவும் தோன்றவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தார். தினமும் எல்லோரிடமும் சொல்வதுதான் வந்தது: "அழுத்துச்சுன்னா சொல்லச் சொல்லுங்கம்மா." அந்த அம்மாள் கண்ணாடியை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினார். "சொல்றேன்," என்றார்.