நின்று ஓட்டும் வண்டி

“நிண்டுகொண்டு ஓட்ட என்னால ஏலாது மிஸ். இடுப்பு போயிடும்” என்றார் டிரைவர் பிறெடி.

உஷாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொட்டாஞ்சேனை ஸ்டோர்ஸில் சாமான் அடுக்கும் றாக்கைகளை நெருக்கிப் போட்டாயிற்று. அந்த ஒடுக்கமான சந்துக்குள், பாரம் தூக்கும் பழைய போர்க்லிப்ட் வண்டி திரும்பாது. நத்தார்ப் பண்டிகைச் சாமான் கொண்டெய்னரோடு துறைமுகத்தில் காய்கிறது. ஓடிப் பார்க்கவென்று இரண்டு புது வண்டிகளை லொறியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஒன்று சீட்டில் இருந்து ஓட்டுவது, மற்றது நின்று ஓட்டுவது.

இரண்டும் சந்துக்குள் போகும். ஆனால் நின்று ஓட்டுவது இன்னும் சின்ன இடத்தில் திரும்பும். அதை எடுத்தால் இன்னொரு வரிசை றாக்கையும் போடலாம்.

எது என்று ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் உஷாந்தி இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். முதலாளி நமசிவாயம் போனில் விட்டு விட்டு கோல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

“காலுக்குக் கீழ இருக்கிற மிதியை அமத்திக்கொண்டே நிக்கோணும். கால் எடுபட்டால் வண்டி நிண்டிடும்” என்று விளக்கினான் வண்டியோடு வந்தவன்.

“அப்ப சந்திரகுமார் ஓட்டிப் பாக்கட்டும்” என்றாள் உஷாந்தி.

சந்திரகுமார் மற்ற டிரைவர். இளம் பெடியன், அதிகம் கதைக்க மாட்டான். அவன் வாய் திறக்கமுதல் பிறெடி பாய்ந்தார்.

“சீனியர் நான் இருக்கக்க இவனா? நீ போ தம்பி, போய் பிஸ்கட் பெட்டியைப் பார்!”

சந்திரகுமார் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல நடந்து போனான். பாவம், ஆசையாய் இருந்திருப்பான் என்று உஷாந்தி நினைத்தாள். தானும் செய்யாமல், செய்கிறவனையும் விடாமல், என்ன மனிசன் இவர்!

பிறெடி ஏறினார். வண்டி வெட்டி வெட்டிப் போனது. சந்தில் திரும்பும்போது மடார் என்று றாக்கையில் இடித்தது. மேல்தட்டுப் பெட்டிகள் பொலபொலவென்று விழுந்தன.

“பிறெடி அண்ணை, வெள்ளவத்தை பஸ் எண்டு நினைச்சீங்களோ?” பெட்டி கட்டும் ஜீவராணி கேட்க, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

“பாத்தீங்களா மிஸ்? இது நமக்குச் சரிவராது” என்றார் பிறெடி, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

திரும்பவும் போன் அடித்தது. “அஞ்சு நிமிசம் தாங்கோ ஐயா” என்று வாசலில் நின்று கெஞ்சிவிட்டு உஷாந்தி உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அதே வண்டி, அதே சந்து. பிறெடி ஒற்றைக் கையால் வளைத்து, றாக்கையில் உரசாமல், ஒரே திருப்பில் வெளியே எடுத்து வந்தார்.

“அண்ணை!” என்றாள் உஷாந்தி. “அப்ப இவ்வளவு நேரமும் நடிச்சனீங்களோ? சரியான வேலைக்கள்ளன்...”

பிறெடி அவசரமாக வாயில் விரலை வைத்தார். கண்ணால் பின்பக்கம் காட்டினார்.

றாக்கைகளுக்குப் பின்னால், பெட்டியொன்றில் இருந்துகொண்டு சந்திரகுமார் முழங்காலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஒரு கால், கழற்றியபடி சப்பாத்தோடு, பக்கத்துச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

“இருந்து ஓட்டினா என்னைவிடக் கெட்டிக்காரன் மிஸ். அதுக்கு மற்றக் கால் போதும். பொய்க்காலால அந்த மிதியை அமத்திக்கொண்டு நிக்க ஏலாது” என்று பிறெடி கிசுகிசுத்தார். “முதலாளிக்குத் தெரிஞ்சா வீட்ட அனுப்பிடுவார்.”

போன் மறுபடி அடித்தது.

“என்ன பிள்ளை, எது?”

“இருந்து ஓட்டுறது ஐயா.”

“ஒரு வரிசை றாக்கை போகுதே! பிறெடியின்ட இடுப்புக் கதையை நீரும் நம்பிட்டீரோ?”

“அவரை விடுங்கோ ஐயா, நானே ஏறி ஓடிப் பாத்தனான்” என்றாள், அந்த வண்டியின் படியில்கூடக் கால் வைக்காத உஷாந்தி. “ஐயோ, என்ர இடுப்பே விட்டுப் போச்சு!”