ஆயிரத்து முந்நூறு தலைகள்

"பத்து ஓட்டு, டெல்பர்ட்! பத்தே பத்து ஓட்டு வாங்கிட்டுப் பன்னிரண்டு வருஷமா அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க. கூச்சமா இல்ல?"

நகரசபைக் கூட்டத்தில் டார்லீன் மைக்கைப் பிடித்துக் கத்தினாள்.

"பதினொண்ணும்மா," என்றார் டெல்பர்ட், காபியை உறிஞ்சியபடி. "போன தடவை என் மச்சினனும் போட்டான்."

கூட்டம் சிரித்தது. டார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் நாலு வார்டு. எல்லாவற்றிலும் சமமாக ஆள் இருக்க வேண்டும் என்று எல்லைக் கோடு போட்டார்கள். டெல்பர்ட்டின் வார்டில்தான் மாநிலச் சிறை. உள்ளே ஆயிரத்து முந்நூறு கைதிகள். அத்தனை பேரையும் வார்டு ஜனம் என்று எண்ணிவிட்டார்கள். கைதிக்கு ஓட்டே கிடையாது! வெளியே குடியிருப்பது ஐம்பது பேர். அந்த ஐம்பது பேருக்கும் ஒரு உறுப்பினர், டார்லீனின் வார்டில் ஆயிரத்து முந்நூற்றைம்பது பேருக்கும் ஒரு உறுப்பினர். இதற்குப் பெயர் சமமாம்.

கைதிகளை விட்டுவிட்டுக் கோட்டைத் திருப்பிப் போடுங்கள் என்று, டார்லீன் தன் முடிவெட்டும் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். சபையோ பனி என்று ஒரு மாதம், மான் வேட்டை என்று ஒரு மாதம், இப்படியே இரண்டு வருஷத்தை ஓட்டியது.

இன்றைக்குத்தான் வாக்கெடுப்பு. நாலு உறுப்பினரில் மூன்று கை வேண்டும். இரண்டு நிச்சயம். ஒன்று நிச்சயமாகக் கிடையாது. மிச்சம் டெல்பர்ட். தன் நாற்காலிக் காலைத் தானே அறுக்க எவன் கை தூக்குவான்?

"அந்தத் தலைங்களை எண்ணித்தானே பதவி? அதுல ஒருத்தர் பேராவது உங்களுக்குத் தெரியுமா?"

டெல்பர்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போதும் டார்லீன், உட்காரு," என்றார் மேயர். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

இரண்டு கை உயர்ந்தது. மூன்றாவதாக டெல்பர்ட்டின் கை.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. டார்லீன் வாயைப் பிளந்தாள்.

"டார்லீன் சொன்னது நியாயம்," என்றார் டெல்பர்ட். "எனக்கே அசிங்கமாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு விஷயம்."

மேசைக்கடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வைத்தார். உள்ளே கட்டுக்கட்டாகக் கடிதங்கள்.

"உள்ளேயிருந்து வர்றது. என் வார்டு ஆளுங்களாச்சே, எனக்குத்தான் எழுதுவாங்க. ரூபனுக்கு மூணு வாரமாப் பல்வலி, டாக்டர் வரல. கர்ட்டிஸோட அம்மா செத்துட்டாங்க, கல்லறையில பூ வைக்க ஆளில்ல. பதில் போடுவேன், சனிக்கிழமை போய்ப் பார்ப்பேன். உறுப்பினர்னா ஜெயில் கேட்டைத் திறப்பாங்க. அடுத்த தேர்தலோட எனக்குப் பதவி போயிடும். இனி அவங்க யார் வார்டும் இல்ல. அதனால இங்க இருக்கிறவங்கள்ல யாராச்சும் எடுத்துக்கிட்டா நல்லது. பிரிச்சு எடுத்துக்கிட்டாலும் சரி."

கைதட்டிய கைகள் பைக்குள் போயின.

எல்லோரும் அவசரமாகக் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்கள். முதலில் கிடைத்தது டார்லீனுக்குத்தான்.